டீ டைம் திணை: பனியன் கம்பெனியில் ஆர்.பி.ஜி. குறித்த ஓர் இலக்கண விசாரணை

பாயிரம்

ஆர்.பி.ஜி. (‘ரோல் பிளேயிங் கேம்’, பாத்திரமேற்பு விளையாட்டு) என்றால் எது என்பதில் உலகத்துப் புலவர்களுக்குள் ஐம்பது வருஷமாக வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டபோது சிக்கல் ஒன்றுமில்லை. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேஷம் பிரித்துக்கொண்டு கட்டையை உருட்டினார்கள். அது கம்ப்யூட்டருக்குள் போன பிறகுதான் சனி பிடித்தது.

லெவல் ஏறினால் ஆர்.பி.ஜி. என்றார்கள். 2007ல் ‘கால் ஆஃப் டூட்டி 4’ சுடுகிற விளையாட்டிலேயே லெவலைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஆடுகிறவரே கதையை முடிவு செய்தால் ஆர்.பி.ஜி. என்றார்கள். ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில் கதை அவர்கள் எழுதி வைத்தபடியேதான் போகும், ஆனாலும் அதை ஆர்.பி.ஜி. இல்லை என்று சொல்லிவிட்டு ஒருவர் வீடு போய்ச் சேர முடியாது. ‘செல்டா’வில் வாள் இருக்கிறது, இளவரசி இருக்கிறாள், லெவல் இல்லை. உள்ளே விடுவதா வாசலில் நிறுத்துவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ‘விட்சர் 3’ (2015) ஆடினால் நீங்கள் பெரும்பாலும் கெரால்ட் என்ற ஆளாகத்தான் இருந்தாக வேண்டும். யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் நுழைவது பாத்திரமேற்பு ஆகுமா என்று கேட்பாரும் உளர்.

நூலாசிரியனுக்கு ஏழு மதங்கள் உண்டு என்கிறது நன்னூல். பிறர் மதத்தை ஏற்பதுபோல் ஏற்று, பிறகு களைவது அவற்றில் ஒன்று. இக்கட்டுரை அந்த வழியில் நடக்கும். ஆய்வுக்களம் திருப்பூர், அதிலும் குறிப்பாக அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், பாண்டியன் நகர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளின் மாடிப்படிகள். ஏன் திருப்பூர் எனின், ஒரே பனியனுக்கு மூன்று நாட்டு லேபிள் வைத்துத் தைத்து அனுப்புகிற ஊருக்கு, லேபிள் வேறு துணி வேறு என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்க.

இருவர் மாறுகோள்

களத்தில் இரண்டு மதங்கள் காணப்படுகின்றன.

முதலாவது மெர்ச்சண்டைசர் மதம். மெர்ச்சண்டைசர் என்பவர் ஏ.சி. அறையில் இருப்பவர்; பையருக்கு மெயில் போடுபவர்; ‘சாம்பிள் அப்ரூவல்’ என்ற சொல்லைத் தூக்கத்திலும் சொல்பவர். இவரிடம் இ.எம்.ஐ.யில் வாங்கிய கேமிங் லேப்டாப் உண்டு. ‘எல்டன் ரிங்’கில் (2022) பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) முடித்து, இப்போது ‘எக்ஸ்பெடிஷன் 33’ல் இருக்கிறார். மொபைலில் சுட்டுக்கொள்ளும் ‘ஃப்ரீ ஃபயர்’ ஒரு விளையாட்டு என்றே இவர் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது டெய்லர் மதம். ஓவர்லாக், பிளாட்லாக் மிஷினில் உட்கார்பவர்களுடையது. ஃப்ரீ ஃபயரே ஆர்.பி.ஜி. என்பது இவர்கள் துணிபு. அதற்கு இவர்கள் காட்டும் சான்று எளிதில் தள்ளக்கூடியதன்று.

“லெவல் ஏறுது. அலோக்குன்னு ஒருத்தன் இருக்கறான், பாட்டுப் போட்டா ரத்தம் ஏறுது, அது ஸ்கில்லு. துணி மாத்தலாம், துப்பாக்கி மாத்தலாம். அப்பறம் என்னங்ணா வேணும்?”

“கதை எங்கடா இருக்குது?”

“கதையெல்லாம் நம்ம சூப்பர்வைசரே சொல்லீருவாருங்ணா.”

அலோக் என்பவர் பிரேசில் நாட்டு டி.ஜே. என்பதும், அவரையே பாத்திரமாக்கி அந்த விளையாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதும் இங்கே அறியத்தக்கன. பிரேசிலில் பாட்டுப் போடுபவர் திருப்பூர் மாடிப்படியில் டெய்லரின் ரத்தத்தை ஏற்றுகிறார். பாத்திரமேற்பு இவ்வளவு தூரம் வந்தபின் அதை மறுக்க மெர்ச்சண்டைசரிடம் சரியான பதில் இல்லை. “அது வேறடா” என்றார். நன்னூலில் இதற்குப் ‘பிறிதொடு படாஅன் தன் மதம் கொளல்’ என்று பெயர்.

செக்கிங் செக்‌ஷனில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இரண்டு மதத்தாருக்கும் பொது. “ஏன் கண்ணு, செத்தவன் மறுக்கா எந்திரிச்சு வர்றானே, அவன் முன்ன சம்பாரிச்சதெல்லாம் என்னாகும்?” மெர்ச்சண்டைசர் விளக்கினார்: எல்டன் ரிங்கில் செத்தால், சேர்த்து வைத்த ரூன்கள் எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் அவ்வளவுதான், போனது போனதுதான். அக்கா கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: “கான்ட்ராக்டர் சம்பளத்தோட ஓடிப்போற மாதிரின்னு சொல்லு.” எல்டன் ரிங் குறித்து எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமாக ஒன்றை யான் கண்டிலேன்.

அடுத்த பூசல் மிகப் பழையது. முறை வைத்து அடிப்பதா, நேரடியாக அடித்துக்கொள்வதா? 1987ல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் நீ ஒரு அடி, நான் ஒரு அடி. 2023ல் வந்த பதினாறாம் பாகத்தில் முறையும் இல்லை, வரிசையும் இல்லை, கைவேகம்தான். இனி முறை வைத்தாடும் காலம் முடிந்தது என்று பலரும் இரங்கற்பா எழுதி வைத்திருந்த அதே 2023ல், முறை வைத்தாடும் பால்டர்ஸ் கேட் 3 ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசைத் தட்டிச் சென்றது. 2025ல் அதே பரிசு எக்ஸ்பெடிஷன் 33க்கு. அதிலும் முறைதான், ஆனால் எதிரி ஓங்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் அடி படாது, திருப்பியும் அடிக்கலாம்.

இந்தப் பூசலில் திருப்பூர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. முறை வைத்தாடுவது ஷிப்ட் சம்பளம். மெதுவாகத் தைத்தாலும் உன் முறை உனக்கு வரும். நேரடி ஆட்டம் பீஸ் ரேட். கை ஓடினால்தான் காசு. எக்ஸ்பெடிஷன் 33? பிளாட்லாக் டெய்லர் யோசித்துச் சொன்னார்: “ஷிப்ட் சம்பளம், மேல இன்சென்டிவ்.” 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. கூலி முறைகளின் நுட்பத்தில் இவர்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

லேபிள் குறித்த வழு

‘ஜே.ஆர்.பி.ஜி.’ என்று ஒரு பகுப்பு இருக்கிறது. ஜப்பானில் செய்த ஆர்.பி.ஜி. என்று பொருள்படும். இப்படித் தனியாகப் பிரித்துச் சொன்னதை ஜப்பானியத் தயாரிப்பாளர்களில் சிலர் ஒரு காலத்தில் இழிவாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று, பதினாறாம் ஃபைனல் ஃபேன்டஸியைத் தயாரித்த நவோகி யோஷிடா 2023ல் சொன்னார். இப்போது எக்ஸ்பெடிஷன் 33 வந்து நிற்கிறது. செய்தவர்கள் பிரான்ஸ்காரர்கள். ஆட்டத்தின் எலும்பெல்லாம் ஜப்பான். இதற்கு எந்த லேபிள் வைப்பது?

நம் கண் முன்னே நடந்த கூத்தையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். 2020 செப்டம்பர் 2ந் தேதி பப்ஜி மொபைல் தடையானது. 2021 ஜூலை 2ந் தேதி ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ (பி.ஜி.எம்.ஐ.) என்று வந்தது. அதே தீவு, அதே வாணலி, அதே பாராசூட். ரத்தம் மட்டும் சிவப்பிலிருந்து பச்சையாகியிருந்தது. சாயப்பட்டறை ஊரில் இதை யாரும் புது விளையாட்டு என்று நினைக்கவில்லை. கலர் மாற்றி, லேபிள் மாற்றி வந்த ரிபீட் ஆர்டர் என்றே கண்டுகொண்டார்கள். 2022 ஜூலையில் அதுவும் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது 2022 பிப்ரவரி 14, காதலர் தினம். அதன் அண்ணன் ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ எப்படியோ தப்பிவிட்டது. அன்று மாலை டீயில் மனம் உடைந்தவர்கள் இரண்டே மிடறில் தேறி மேக்ஸுக்கு மாறினார்கள்.

ஆகவே, செய்த இடத்தை வைத்துப் பகுப்பது வழு. லேபிளை வைத்துப் பகுப்பதும் வழு. காதர்பேட்டையில் லேபிள் வெட்டிய எக்ஸ்போர்ட் டீ-ஷர்ட்டைக் கையால் தடவியே எந்த நாட்டு ஆர்டர் என்று சொல்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். புலவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

முதற்பொருள்

இனித் தன் மதம் கூறல்.

ஒரு பாட்டு எந்தத் திணை என்று பார்க்கத் தொல்காப்பியர் மூன்றைச் சொன்னார்: முதல், கரு, உரி. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் முதலியன. உரி என்பது அங்கே நிகழும் ஒழுக்கம். மேலைப் புலவர்கள் ஐம்பது வருஷமாக வாள் உண்டா, லெவல் உண்டா, டிராகன் உண்டா என்று கருப்பொருளையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே, எந்தப் பொழுதில் ஆடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதற்பொருள் இல்லாமல் திணை ஏது?

இதற்கு யாம் யாத்த நூற்பா வருமாறு:

இடைவேளை எவ்வளவு ஆட்டமும் அவ்வளவே;
சூப்பர்வைசர் வருங்கால் இடையினும் ஒழியும்.

உரை: டீ இடைவேளை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமே அந்நிலத்து ஆட்டமும் என்றவாறு. ‘வருங்கால்’ என்றதனால், வராதபோது பெல் அடித்த பின்னும் ஆடுவர் என்பது பெற்றாம். ‘இடையினும்’ என்ற உம்மை, டீக்கடை பாக்கியைக் கொடுக்காமலும் ஓடுவர் என்பதையும் தழுவிற்று.

சிறுபொழுதுகள் இவை. காலை டீ: பத்து, பதினைந்து நிமிஷம். ஃப்ரீ ஃபயர் ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது பேர் இறங்கி, ஏறக்குறைய பத்து நிமிஷத்தில் ஒருவர் மிஞ்சுவார். பேக்கரிக்குப் போய், டீயும் பப்ஸும் வாங்கி, படியில் உட்கார்ந்து முடிக்கச் சரியாக இருக்கும். பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலும் ஆட முடியாது. ஆகவே பப்ஸ் முன், ஆட்டம் பின். தேங்காய் பன்னைப் பல்லில் கவ்விக்கொண்டு ஆடுவாரும் உளர், அது சிறுபான்மை.

மத்தியானச் சாப்பாடு ஒரு மணி நேரம். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த பிறகு முக்கால் மணி மிஞ்சும். நூறு பேர் இறங்கும் பி.ஜி.எம்.ஐ. பெரிய ஆட்டம் அரைமணிக்குள் முடியும். லூடோ, கேரம் பிரியர்களும் இப்பொழுதுக்கு உரியர். கம்பெனி வேனில் வீடு திரும்பும் பொழுது ஊருக்கு வெளியே டவர் விட்டு விட்டு வரும். அப்போது சண்டை ஆட்டம் ஆகாது, கேண்டி கிரஷ் ஆகும். இது பெரும்பாலும் மகளிர்க்கு உரித்து.

யாமம் மட்டும் சட்டத்தின் வசம் போய்விட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் விதி போட்டது. ஜூனில் உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்தாடுவதையே மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்து, இந்த அழகிய விதியை வேலையற்றதாக்கிவிட்டது. பொழுதை வைத்து ஆட்டத்தைப் பகுத்த விதி அது. தொல்காப்பியம் படித்தவர் யாரோ கோட்டையில் இருந்திருக்க வேண்டும்.

இனி எதிர்மறையால் நிறுவுவாம். பால்டர்ஸ் கேட் 3ஐ ஊன்றி ஆடினால் நூறு மணி நேரம் கேட்கும். காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஓவர்லாக் டெய்லர் அதை டீ இடைவேளையில் ஆடினால், முதல் ஊரை விட்டு வெளியே வருவதற்குள் ஓவர்லாக் மிஷினுக்கு இரண்டு முறை பிளேடு மாற்றியிருப்பார்கள். இடமும் இல்லை: அந்த விளையாட்டு 150 ஜி.பி. கேட்கிறது, டெய்லர் ஃபோனின் மொத்தக் கொள்ளளவே 128. ஆகவே டெய்லர் ஆர்.பி.ஜி. ஆடாததற்கு ரசனைக் குறைவு காரணம் என்ற மெர்ச்சண்டைசர் மதம் களையப்பட்டது. காரணம் பெல்.

பெரும்பொழுது இரண்டே: ஆர்டர் சீசன், டல் சீசன். ஆர்டர் சீசனில் ஞாயிறும் வேலை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பல கம்பெனிகளில் அரை ஷிப்ட் காணாமல் போனது. திடீரென்று ஊரில் ஆர்.பி.ஜி.க்கு ஏற்ற பொழுது உண்டாகிவிட்டது. ஆனால் அரை ஷிப்ட் சம்பளமும் அதோடு போனதால் லேப்டாப் வாங்க யாரும் முன்வரவில்லை. பொழுது இருக்கும்போது பொருள் இல்லை, பொருள் வரும்போது பொழுது இல்லை என்பது இத்திணையின் நிலையான சிக்கல்.

கருப்பொருள்

தெய்வம், நெட்வொர்க். மூன்றாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் எழுந்தருளியிருக்கும். உள்ளே தகரக் கூரைக்கடியில் காட்சி தராது. உணவு, பப்ஸ். பறை, பெல். விலங்கு, வேஸ்ட் துணி மூட்டையின் மேல் படுத்திருக்கும் நாய். தொழில், பிசிர் வெட்டுதல். நீர், கேன் தண்ணீர். நொய்யல் ஆற்றை இவ்விடத்தில் சொல்ல ஆய்வாளர் மனம் ஒப்பவில்லை.

ஆயுதம் பற்றிக் கொஞ்சம் விரிக்கலாம். ஓவர்லாக் டெய்லரின் கட்டைவிரலில் மிஷின் ஆயிலும் பஞ்சும் சேர்ந்து ஒரு படலம் இருக்கும். அந்த விரலோடு திரையைத் தொட்டால் வலப்பக்கம் ஓட வேண்டியவன் கிணற்றில் குதிப்பான். இதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கிறது: சிங்கிள் ஜெர்சி கட்டிங் வேஸ்ட். திரை துடைக்க இதைவிடச் சிறந்த துணி கிடையாது. எல்லோரும் சட்டைப் பையில் ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள். வேர்த்தால் விரல் வழுக்காமல் இருக்கக் கடையில் விரலுறை விற்கிறார்கள். அதுவும் பின்னலாடைதான், குட்டியாக. உலகத்துக்கே பனியன் அனுப்புகிற நாம் இதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு டெய்லருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. 220 ஜி.எஸ்.எம். ரிப் துணியில் அளவெடுத்து, பிளாட்லாக் அடித்து, ஓரம் பிசிர் வெட்டி, ஒரு ஜோடி தைத்தார். தையல் பிரமாதம். மாட்டிக்கொண்டு திரையைத் தொட்டால் திரை அசையவே இல்லை. மின்சாரத்தைக் கடத்தும் விரலைத்தான் திரை உணர்கிறது. பருத்தி கடத்தாது. கடை உறையில் வெள்ளி பூசிய நூல் கலந்திருக்கும். அந்த ஜோடி இப்போது செக்கிங் அக்காவிடம் இருக்கிறது. டீ டம்ளர் சுடாமல் பிடிக்க உதவுகிறதாம்.

உரிப்பொருள்

பி.ஜி.எம்.ஐ.யின் தீவுக்கு எரங்கெல் என்று பெயர். இதை வைத்து நெய்தலுக்கு உரிய இரங்கல் என்று வாதிடும் மலிவான வேலையை இக்கட்டுரை செய்யாது. இத்திணையின் உரிப்பொருள் பாலைக்கு உரிய பிரிதலே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனோடு சேர்ந்து ஆடுவதில்லை. ஸ்குவாடில் இருக்கும் மற்ற மூவர் ஊரில் இருக்கிறார்கள். ஒருவன் சூரத்தில் இருக்கிறான். மைக்கைத் திறந்துவிட்டு அவர்கள் பேசுவதில் எதிரி எங்கே என்பது கொஞ்சம்; யாருக்குக் கல்யாணம், எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்பது மிச்சம். சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போனவன் திரும்பி வரும்வரை சேதி இல்லை. இங்கே போனவனும் இருந்தவனும் தினமும் பாராசூட்டில் ஒன்றாகக் குதிக்கிறார்கள்.

பாத்திரமேற்பு உரிப்பொருளில் இருக்கிறது என்று கொண்டால் ‘வெண்பா’வைச் சொல்லாமல் போக முடியாது. டொரண்டோவிலிருந்து விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. மறு வருஷம் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா வாங்கியது. வாள் இல்லை, லெவல் இல்லை. அம்மாவின் பழைய சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். இரண்டு சாப்பாட்டு இடைவேளை. செக்கிங் அக்காவிடம் மெர்ச்சண்டைசர் லேப்டாப்பில் இட்லிக் காட்சியைக் காட்டினார். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று விளையாட்டு கேட்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார்: “குழிக்கு மேல குழி வராம மாத்தி அடுக்கு. இதுக்கு ஒரு கேமா?” அவர் ஏற்க வேண்டிய பாத்திரம் எதுவும் மிச்சமில்லை என்பதால் இதை ஆர்.பி.ஜி. என்று அவருக்கு நிறுவ முடியவில்லை.

களைவு

திருப்பூரே ஓர் ஆர்.பி.ஜி. என்பார் மதம் ஒன்று உண்டு. டெய்லருக்கு உதவியாளாக, கைமடியாகச் சேர்கிறான், டெய்லர் ஆகிறான், கான்ட்ராக்டர் ஆகிறான், நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான், கடைசியில் எக்ஸ்போர்ட்டர். ஷரத் சாரி 2004ல் வெளியிட்ட ‘ஃபிரேட்டர்னல் கேபிடல்’ நூல், தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் இவ்வூரில் எத்தனை பேர், அவர்கள் தம் உழைப்பையே முதலாக எப்படிச் சொல்கிறார்கள் என்று விரிவாகவே ஆராய்ந்திருக்கிறது. இது லெவல் ஏறுவதன்றி வேறென்ன எனின், அற்றன்று.

ஆர்.பி.ஜி.யில் ஊர்க் கடையில் மருந்துக் குப்பி முதல் நாள் என்ன விலையோ கடைசி நாளும் அதே விலை. இங்கே ஒன்றாந் தேதி ஆனால் மில்காரர்கள் நூல் விலையை மாற்றி அறிவிப்பார்கள். 2022 மே 16, 17 இரண்டு நாளும் அந்த விலையை எதிர்த்து ஊரே கடையடைத்தது. எந்த டிராகன் விளையாட்டிலாவது கத்தி விலை ஏறியதற்காக வீரர்கள் இரண்டு நாள் சண்டையை நிறுத்தியதுண்டா? மேலும், அங்கே ஏறிய லெவல் பெரும்பாலும் இறங்காது. இங்கே ஒரு ஷிப்மென்ட் ரிஜெக்ட் ஆனால் எக்ஸ்போர்ட்டர் மறுபடி ஜாப் ஒர்க்குக்கு வருவார். ஆகவே அம்மதமும் களையப்பட்டது.

புறனடை

‘ஜி.டி.ஏ. 6’ எந்தத் திணை என்பது அது வந்தால்தான் தெரியும். 2023 டிசம்பரில் முதல் டிரெய்லரில் 2025ல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் 2026 நவம்பர் 19 என்று தள்ளி வைத்தார்கள். ‘சான் ஆண்ட்ரியாஸ்’ காலத்துப் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்து இப்போது முதலாளியாக இருக்கிற ஒருவரிடம் மெர்ச்சண்டைசர் இந்தச் சேதியைச் சொன்னார். முதலாளி இன்வாய்ஸிலிருந்து தலையைத் தூக்கி மூன்றே கேள்வி கேட்டார். டிஸ்கவுன்ட் கேட்டாங்களா? ஏர்ல அனுப்பச் சொல்லி ஃப்ரைட்டை நம்ம தலைல கட்டுனாங்களா? ஆர்டர் கேன்சலா?

மூன்றுக்கும் இல்லை என்று மெர்ச்சண்டைசர் சொன்னார்.

“அந்த பையர் யாருன்னு பார்த்து ஒரு மெயில் போடப்பா.”